சிரிக்கிற பாப்பா டின்

என் முன்பற்கள் இரண்டும் என்னுடையவை அல்ல, தம்பியிடமிருந்து திருடியவை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொன்னால் தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிக்கும்போது பார்த்தால் அவன் பல்வரிசை என்னுடையதைவிட அழகாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையும் நிறைய நிம்மதியும் உண்டாகும்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகளுக்குப் பத்து மாதம். கீழ்வரிசையில் இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. குழந்தையைப் பார்க்க வந்த யாரோ வாங்கி வந்த பொட்டலம் ஒன்று மேசைமேல் கிடந்தது. வாயில் போட்டால் கரைந்துவிடும் நட்சத்திர வடிவத் தின்பண்டம். பொட்டலத்தின்மேல் ஒரு குழந்தை வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் ஆகப்போகிறது, அந்தக் குழந்தைக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அதை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு டின்னில். அப்போது நாங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். அம்மா மலையில் கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டினார். அப்பாவுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, திரிங்காப்பில் முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் மார்க்கெட்டுக்குப் போகும் லோரியின் டிரைவர். கல்யாணம் ஆகாதவர். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அவர் கையை வீசிக்கொண்டு வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவன் மனுஷனே இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். அதுவரை எனக்கு ரிப்பனும் வளையலும் வந்துகொண்டிருந்தன. தம்பி பிறந்து உட்காரத் தொடங்கியதும் டின் வரத் தொடங்கியது.

மஞ்சள் நிற டின். உள்ளே விரல் நீளத்துக்குப் பிஸ்கட்டுகள். மூடியைத் திறந்தால் லயம் முழுக்க மணக்கும். வெளியே அந்தக் குழந்தை, முன்னால் இரண்டு வெள்ளைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும்.

“கே.எல்-ல பெரிய பெரிய வூட்டுப் புள்ளைங்கல்லாம் இதத்தான் திங்குதுங்க அண்ணி. பல்லப் பாருங்களேன், எப்படி மொளைச்சிருக்குன்னு!” என்று சித்தப்பா படத்தைத் தட்டிக் காட்டினார்.

டின்மேல் இருந்த எழுத்தெல்லாம் மலாயும் ஆங்கிலமும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஆனால் தோட்டத்தில் எழுத்தைப் படித்து யாரும் எதையும் தெரிந்துகொண்டதில்லை. உர மூட்டையில் செழித்த செடி இருக்கும். தீவன மூட்டையில் கொழுத்த கோழி இருக்கும். மருந்து டப்பாவில் மல்லாந்து கிடக்கும் பூச்சி இருக்கும். மேலே என்ன படமோ அதுதான் உள்ளே இருப்பதன் வேலை. அந்தக் கணக்குப்படி பல்லைக் காட்டிச் சிரிக்கும் குழந்தை போட்ட டின்னுக்குள் இருப்பது பல்லுக்கான தீனி என்று அம்மா முடிவுகட்டியதில் எந்தப் பிசகும் இல்லை. லயத்தில் எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள். சிரிக்கிற பாப்பா டின் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

தம்பிக்கு வேளை தவறாமல் பிஸ்கட் கிடைத்தது. காலையில் ஆயாக் கொட்டகையில் ஒன்று. மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் அது. மத்தியானம் நான் பள்ளிவிட்டு வந்து அவனை வாங்கி வந்ததும் ஒன்று. ராத்திரி படுக்கும்போது டின்பாலில் இரண்டைப் போட்டுக் கரைத்துப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்துவிடுவார் அம்மா. அவன் சப்பிக்கொண்டே தூங்கிப்போவான், தூக்கத்திலும் சப்பிக்கொண்டிருப்பான். லயத்தில் வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். எங்கள் வீட்டுப் பிள்ளை அழுதால் இரண்டு பக்கத்து வீட்டிலும் தூக்கம் போய்விடும். எல்லாரும் ஆறு மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நிற்க வேண்டியவர்கள். அதனால் தோட்டத்தில் நல்ல பிள்ளை என்றால் தூங்குகிற பிள்ளைதான்.

அந்த வருடம் எனக்கு ஏழு வயது. மேலே முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன. “கேட்டு தொறந்து கெடக்குலா, மாடு வந்துரப் போவுது!” என்று பள்ளியில் பையன்கள் கத்துவார்கள். என்கூடப் பல் விழுந்தவர்களுக்கெல்லாம் முளைத்துவிட்டது. எனக்கு மூன்று மாதமாகியும் வெறும் ஈறுதான். இந்த நிலைமையில் தினமும் மத்தியானம் பல் முளைக்கிற டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியாக நிற்கிறேன். யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்?

முதல் பிஸ்கட்டைப் பல்லுக்காகத்தான் தின்றேன். இரண்டாவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. போகப்போக தம்பிக்கு ஒன்று, எனக்கு இரண்டு என்று வழக்கமாகிவிட்டது. அந்த மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினால் ‘டொப்’பென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒருமுறைக்குமேல் கேட்டால் பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “என்னாடி அங்க?” என்பார். ஆகவே ஒரே திறப்பில் மூன்றையும் எடுத்துக்கொள்வேன். தின்று முடித்ததும் பின்பக்கக் குழாயடிக்கு ஓடி நாலைந்து தடவை வாய் கொப்பளிப்பேன். அம்மாவுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. மலைத் தண்ணீர் ஈறைப் பிடித்து இழுக்கும். திருட்டுக்கு அவ்வளவு தண்டனை போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டே மாதத்தில் எனக்குப் பல் முளைத்தது. சாதாரணமாக இல்லை, பூசணி விதை மாதிரி பெரிதாக, பளிச்சென்று முளைத்தது. டின்னின் மகிமையில் எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.

தம்பி விஷயம் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. ஒரு வயதில் மேலே நாலு பல் அரிசிபோல வந்திருந்தன. கொஞ்ச நாளில் அவற்றின் அடியில் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெள்ளை தெரிந்தது. அது பழுப்பானது. அம்மா தேயிலைக் கறை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. பிறகு கறுத்தது, ஓரம் உதிர்ந்தது. இரண்டு வயதில் அந்த நாலு பல்லும் எரிந்துபோன தீக்குச்சி முனைகளாக நின்றன. அவனோ எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பிள்ளை. சிரித்தால் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பல்லுப்பூச்சி என்றார் பக்கத்து வீட்டு அத்தை. குண்டுப் பிள்ளை, கண் பட்டுவிட்டது என்றார்கள் வேறு சிலர். அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். சித்தப்பாதான் வைத்தியம் சொன்னார்.

“சத்துப் பத்தல அண்ணி. இனிமே ரெண்டு டின்னா கொண்டாறேன்.”

அம்மா புட்டியில் மூன்று பிஸ்கட் கரைக்கத் தொடங்கினார்.

எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்க, உண்மைக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் பல்லுக்குப் போக வேண்டிய சத்தை நான் தின்றுவிட்டேன். என் பல் வளர்ந்ததும் அவன் பல் கரைந்ததும் ஒரே சமயம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கண்ணாடி பார்க்கவே பயமாக இருந்தது. பள்ளியில் யாராவது என் பல்லைப் பாராட்டினால் உதட்டை மூடிக்கொள்வேன்.

அன்றோடு திருட்டை விட்டேன். விட்டதோடு நிற்கவில்லை. எனக்கென்று எடுத்துக்கொண்டிருந்த இரண்டையும் அவனுக்கே ஊட்டினேன். மத்தியானம் அவன் தூங்கும்போது ஒரு துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துவிடுவேன். ஊறட்டும், வேர்வரைக்கும் இறங்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மனசாட்சியோடு நான் வேறெந்தத் தப்பையும் செய்ததில்லை.

தம்பி சோறு தின்பதை நிறுத்தினான். தண்ணீர் பட்டால் அலறினான். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் மேலுதடு வீங்கி மூக்கோடு சேர்ந்திருந்தது, ஒரு கண் பாதி மூடியிருந்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் செத்துப்போய்விடுவான், கொன்றது நான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அதிர்ஷ்டம், அன்றுதான் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பல் பார்க்கிறவர்கள் வந்திருந்தார்கள். மண்டபத்தில் மடக்கு நாற்காலியும் விளக்கும் போட்டு, வகுப்பு வகுப்பாக வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். பார்த்தவர் ஒரு தமிழ் மிஸ்ஸி. தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். கங்காணியிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, தம்பியை சாரோங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு அம்மாவும் வந்துவிட்டார். இன்னொரு கையில் சிரிக்கிற பாப்பா டின். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எடுத்து வந்திருந்தார்.

மிஸ்ஸி தம்பியின் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தார். “என்னாக்கா குடுக்கிறீங்க இவனுக்கு?”

அம்மா டின்னை மேசைமேல் வைத்தார். “நல்லதுதான் மிஸ்ஸி குடுக்கிறேன். மிட்டாய் கிட்டாய் ஒண்ணும் காட்டுறதே இல்ல. இது எங்க கொழுந்தன் கே.எல்-லேருந்து வாங்கியாறது. பல்லுக்குன்னே உள்ள பிஸ்கட்டு.”

மிஸ்ஸி டின்னைத் திருப்பினார். படம் இல்லாத பக்கம். அதுநாள்வரை எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. பொடி எழுத்தில் விரலை வைத்து வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மொதல்ல மாவு. அடுத்து சீனிக்கா. ராத்திரியில இத பால்ல வேற கரைச்சுக் குடுக்கிறீங்களா?”

அம்மா தலையாட்டினார்.

“அந்தச் சீனிதான் விடிய விடியப் பல்லுல ஊறி அரிச்சிருச்சு. பூச்சியுமில்ல, கண்ணுமில்ல.”

மிஸ்ஸி அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “படத்துல...” என்று ஆரம்பித்த அம்மா அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் பிறகு என்றைக்கும் முடிக்கவில்லை.

எனக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்த சீனி, நல்ல சேதி கொண்டு வந்தவர் வாயில் போடுவது. அது எப்படிப் பல்லைத் தின்னும்? பெரியவர்களுக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். என் முறை வந்தது. மிஸ்ஸி என் வாயில் விளக்கை அடித்துவிட்டு, “இதப் பாருங்கக்கா, இதுவும் ஒங்க புள்ளதான, பல்லு எவ்ளோ நல்லாருக்கு!” என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அது தம்பி பல்லு மிஸ்ஸி! நான்தான் அவன் பிஸ்கட்டத் திருடித் தின்னுட்டேன். அதான் அவனுக்குப் பத்தாமப் போச்சு!”

மண்டபமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை, மிஸ்ஸியும் சிரிக்கவில்லை. தின்றுவிட்டு என்ன செய்வாய் என்று மிஸ்ஸி கேட்டார். அழுகையோடு சொன்னேன்.

“கொழாயில வாய் கொப்பளிப்பேன். இல்லாட்டி அம்மாவுக்கு வாசம் தெரிஞ்சிரும்.”

இப்போது மிஸ்ஸி சிரித்துவிட்டார். “அடியே, டின்னோட திருடியிருக்கக் கூடாதா நீ!”

கேலி செய்கிறார் என்று எண்ணி இன்னும் பெரிதாக அழுதேன். அவர் கேலி செய்யவில்லை. தம்பிக்கு நான் செய்த ஒரே நன்மை அந்தத் திருட்டுதான். கெடுதல் அத்தனையும் நான் திருந்திய பிறகு செய்தது.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் நாலு வேரையும் பிடுங்கினார்கள். அப்பா அவன் கையையும் காலையும் பிடித்துக்கொண்டார். அம்மா வெளியே போய் நின்றுகொண்டார். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து, தம்பி வெறும் ஈறைக் காட்டிப் பழையபடி சிரிக்க ஆரம்பித்தான்.

பல்லைப் பிடுங்கிய மறுநாள் சாயங்காலம் ‘டொப்’பென்று சத்தம் கேட்டுப் பின்பக்கம் ஓடினேன். அம்மா பிஸ்கட்டை நொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, தம்பிக்குப் பல்லு மொளைக்க வேணாமா?”

“பேசாம இரு. சித்தப்பாகிட்ட மூச்சு விட்ட, தோல உரிச்சிருவேன்.”

சனிக்கிழமை சித்தப்பா இரண்டு டின்னோடு வந்தார். பல்லைப் பிடுங்கியது தெரியும், மிஸ்ஸி சொன்னது தெரியாது. “இது தின்னா புதுப் பல்லு சீக்கிரம் வந்துரும்லா,” என்றார். கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் கங்காணியையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் எங்கள் அம்மா, அந்த இரண்டு டின்னையும் இரண்டு கையாலும் வாங்கி அலமாரிமேல் வைத்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. டின் சீக்கிரம் காலியாவதைப் பார்த்துச் சித்தப்பாவுக்கு ஒரே பூரிப்பு. அந்த நாட்களில் மலையிலேயே செல்வாக்கான கோழிகள் எங்கள் வீட்டுக் கோழிகள்தான். கோழிக்குப் பல் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இப்படி ஒரு மாதம் ஓடியிருக்கும். ஒரு சனிக்கிழமை அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, டின்னையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். தன் கையால் ஒன்று ஊட்ட வேண்டுமென்று ஆசை. கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினார். டொப்.

ஆறு கோழிகளும் எங்கெங்கோ இருந்து பறந்து வந்தன. ஒன்று சாக்கடையைத் தாண்டிக் குதித்தது. எல்லாம் அவர் காலடியில் வந்து நின்று, கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தன.

சித்தப்பா கோழிகளைப் பார்த்தார். கையிலிருந்த டின்னைப் பார்த்தார். பிறகு சமையலறைச் சன்னலைப் பார்த்தார். அங்கே நின்றிருந்த அம்மா சட்டென்று விலகிக்கொண்டார்.

அம்மா மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. குறுக்கே போய் நின்றேன்.

“நான்தான் சித்தப்பா கோழிக்குப் போட்டேன். அம்மா இல்ல. தம்பி பல்லு போனதும் என்னாலதான். ஒங்க பிஸ்கட்டு நல்ல பிஸ்கட்டு சித்தப்பா.”

அவர் தம்பியை இறக்கிவிட்டு, கவிழ்ந்து கிடந்த காய்க் கூடைமேல் உட்கார்ந்தார். “மிஸ்ஸி என்னா சொன்னாங்க?” என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

“மொதல்ல மாவு, அடுத்து சீனின்னாங்க.”

சித்தப்பாவுக்கு மலாய் வாசிக்க வரும். டின்னைத் திருப்பி அந்தப் பொடி எழுத்துகளை உதடசைத்துப் படித்தார். பிறகு டின்னை அப்படியே கோழிகளுக்கு முன்னால் கவிழ்த்தார். நான் ஓவென்று அழுதேன். காலம் முழுக்கப் பல்லே முளைக்காத பிறவிகளுக்கு இத்தனை பிஸ்கட்டா என்று எனக்கு ஆறவே இல்லை. அவர் என் தலையில் கையை வைத்து வெறுமனே ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அம்மா தேநீர்க் கோப்பையை நீட்டினார்.

“எனக்கு டீல சீனி வேணாம் அண்ணி,” என்றார் சித்தப்பா.

“போடலங்க,” என்றார் அம்மா.

அந்த விஷயத்தைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கேரட்டும் சோளமும் வந்தன. கோழிகள் சில வாரம் அவர் காலைச் சுற்றி வந்து ஏமாந்துபோயின. சித்தப்பா தம்பியைத் தோளில் ஏற்றுவார், லோரியில் உட்காரவைத்து ஹாரன் அடிக்க விடுவார். அவன் வாயைத் திறந்து சிரித்தால் மட்டும் லோரி டயரையோ மலையையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

தம்பிக்கு ஏழு வயதானபோது மேல்வரிசையில் புதுப் பல் இரண்டு வந்தன. முத்து மாதிரி, எந்தக் குறையும் இல்லாமல். அன்று சனிக்கிழமை. சித்தப்பா லோரியிலிருந்து டார்ச் விளக்கை எடுத்து வந்தார், பட்டப்பகலில். தம்பியை வாசல் படியில் உட்காரவைத்து, முகவாயைப் பிடித்து, வாய்க்குள் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். அவனுக்கு வாய் வலித்தது. “போதும் சித்தப்பா,” என்று குழறினான். அவர் விடவில்லை. அம்மா உள்ளேயிருந்து இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். அதுவும் அவர் காதில் விழவில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒருவர் பல்லை இன்னொருவர் திருட முடியாது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த இரண்டு பல்லையும் பார்த்ததும் என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இந்த வீட்டில் இத்தனை நாளும் அந்த மூட்டையைச் சுமந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்கு எண்ணத் தெரியவில்லை, இரண்டு பல்லைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்காமல், சோற்றை மூடி வைத்துவிட்டு, அவர் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.